ரெண்டாம் கிளாஸ்ல கடன் வாங்கிக் கழித்தல்: குச்சிக்கட்டுல ஆரம்பிச்சு நோட்டு வரைக்கும், பத்து நாள் முழு வழிகாட்டி

52ல இருந்து 38 போனா எவ்ளோன்னு போர்டுல எழுதி போட்டிருந்தேன், ஒரு பொண்ணு முதல் ஆளா நோட்டை தூக்கிட்டு ஓடி வந்து காட்டுனா, விடை 26. எழுத்து அவ்ளோ அழகு, கோடெல்லாம் ஸ்கேல் வச்சு போட்டிருக்கா. எப்படிம்மா போட்டன்னு கேட்டேன். "8ல 2 போனா 6, 5ல 3 போனா 2, அதான் டீச்சர் 26"ன்னு பட்டுன்னு சொன்னா. அவகிட்ட ஒரு தடுமாற்றமும் இல்ல. பெருசுல இருந்துதான் சின்னதை எடுக்கணும்னு ஒரு விதி வச்சிருக்கா, எது மேல இருக்கு எது கீழ இருக்குன்னு அவ பாக்கவே இல்ல, அந்த விதியை அவளுக்கு கொடுத்ததும் நாமதான், ஒன்னாம் கிளாஸ்ல நூறு தடவை சொல்லியிருப்போம்.

1978ல ஜான் சீலி பிரவுன், ரிச்சர்ட் பர்ட்டன்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் பிள்ளைங்க கழித்தல்ல பண்ற தப்பையெல்லாம் அலசி ஒரு கட்டுரை எழுதுனாங்க. அவங்க காட்டுனது என்னன்னா, இந்த தப்புல நிறைய கவனக்குறைவுல வர்றது இல்ல, பிள்ளை ஒரு தப்பான முறையை ரொம்ப ஒழுங்கா, ஒரே மாதிரி திரும்பத் திரும்ப பண்ணுதுங்குறதுதான். அதனால "கவனமா போடு"ன்னு சொல்லி ஒரு பிரயோஜனமும் இல்ல, அந்த பொண்ணு கவனமாத்தான் போட்டா.

இதுக்கு நான் கண்டுகிட்ட வழி ஒன்னுதான். கை முதல்ல, படம் அடுத்தது, எண் கடைசி. எழுத்துல போடுறதை எட்டாவது நாள் வரைக்கும் தள்ளிப் போடுங்க. பாடம் பின்தங்கிடுமேன்னு பயமா இருக்கும், எனக்கும் இருந்துச்சு, ஆனா ரெண்டே நாள்ல முறையை சொல்லிக் கொடுத்துட்டு வருஷம் முழுக்க திருத்திக்கிட்டே இருந்ததை விட இந்த பத்து நாள் ரொம்ப கம்மி. ஒரு நாளைக்கு 40 நிமிஷ பீரியட், 30 பிள்ளைங்கன்னு வச்சு சொல்றேன், உங்க கிளாஸுக்கு ஏத்த மாதிரி மாத்திக்கோங்க.

ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி

ஒவ்வொரு ஜோடிக்கும் 60 குச்சி. ஐஸ் குச்சி, ஸ்ட்ராவை வெட்டுனது, எதுனாலும் சரி, முனை கூரா இருக்கக் கூடாது, எல்லாம் ஒரே தடிமனா இருக்கணும் (தடி குச்சியும் மெலிசு குச்சியும் கலந்தா பத்து குச்சி கட்டு ஒன்னு பெருசாவும் ஒன்னு சிறுசாவும் இருக்கும், பிள்ளைங்க பெரிய கட்டுல நிறைய இருக்குன்னு நினைச்சுக்கும்). 15 ஜோடிக்கு 900 குச்சி வரும். ஜோடிக்கு 6 ரப்பர் பேண்ட், அறுந்து போறதுக்கு சேத்து ஒரு 120 வாங்கி வச்சுக்கோங்க. அப்புறம் ஜோடிக்கு ஒரு பகடை, ஒரு பை, ஒரு ஏ4 பேப்பர். பேப்பரை நடுவுல மடிச்சு கோடு போட்டு இடது பக்கம் "பத்து", வலது பக்கம் "ஒன்னு"ன்னு எழுதிடுங்க, இதுதான் விரிப்பு.

ஜோடியை எதிரெதிரா உக்கார வைக்காதீங்க, பக்கத்துல பக்கத்துல உக்கார வைங்க. எதிர்ல உக்காந்தா ஒரு பிள்ளைக்கு பத்து இருக்க வேண்டிய பக்கம் வலதா தெரியும், அது 25ஐ 52ன்னு படிக்கும், நீங்க அந்த பிள்ளைக்கு இடமதிப்பு புரியலன்னு முடிவு பண்ணிடுவீங்க. நான் ஒரு முழு பீரியட் இப்படி ஒரு பையனை தப்பா நினைச்சிருக்கேன்.

முதல் நாள்: யாருக்கு என்ன தெரியும்னு பாக்கறது

பையை கொடுத்ததும் முதல் பத்து நிமிஷம் ஒன்னும் சொல்லாதீங்க, விளையாட விடுங்க. வீடு கட்டும், நட்சத்திரம் வைக்கும், சத்தம் வரும், வரட்டும். பத்தடிமான கட்டைகளை (ஒன்னு, பத்து, நூறுன்னு அளவு வச்சு செஞ்ச கணக்குக் கட்டைகள்) பிரபலமாக்குன சோல்தான் டீனஸ்ங்குற கணித ஆசிரியர் ஒரு கருத்தை கத்துக்குறதுல முதல் கட்டமே சுதந்திர விளையாட்டுதான்னு சொல்லியிருக்கார். அதை கொடுக்கலன்னா பிள்ளைங்க எப்படியும் எடுத்துக்கும், ஆனா நீங்க பேசிக்கிட்டு இருக்கும்போது எடுத்துக்கும். ரப்பர் பேண்டை மட்டும் முதல் நாள் தராதீங்க.

அதுக்கப்புறம் மத்தவங்க விளையாடும்போதே ஒவ்வொரு பிள்ளையா கூப்பிட்டு 24ன்னு பேப்பர்ல எழுதி 24 குச்சியை எண்ணி வைக்கச் சொல்லுங்க. 4ஐ வட்டம் போட்டு, இது எந்த குச்சி காட்டுன்னு கேளுங்க, நாலு குச்சியை தள்ளி வைக்கும். இப்ப 2ஐ வட்டம் போட்டு கேளுங்க. நிறைய பிள்ளைங்க ரெண்டே ரெண்டு குச்சியைத்தான் தள்ளி வைக்கும். மீதி 18 குச்சி அநாதையா நடுவுல கிடக்கும், அது பிள்ளைக்கு உறுத்தவே உறுத்தாது. பிள்ளைங்க எண்ணை எப்படி புரிஞ்சுக்குறாங்கன்னு ஆராய்ந்த கான்ஸ்டன்ஸ் கமி இந்த மாதிரி சோதனையை 16ங்குற எண்ணை வச்சு பண்ணி விரிவா எழுதியிருக்காங்க, அங்கயும் பிள்ளைங்க 1க்கு ஒரே ஒரு வில்லையைத்தான் காட்டும்.

ஒரு பிள்ளைக்கு ஒரு நிமிஷம் போதும். ஒரே நாள்ல 30 பேரையும் பாக்க முடியாது, ரெண்டாவது நாளும் தொடருங்க. பேருக்கு நேரா டிக் இல்லன்னா "2 குச்சி"ன்னு எழுதி வச்சுக்கோங்க, இந்த லிஸ்ட் கடைசி நாள் வரைக்கும் உதவும்.

ரெண்டாவது மூணாவது நாள்: கட்டு போடறது

ஒரு பிடி குச்சியை அள்ளு, எவ்ளோ இருக்கும்னு முதல்ல குத்துமதிப்பா சொல்லு, அப்புறம் பத்து பத்தா கட்டு போடு, விரிப்புல வை, வாயால சொல்லு. இவ்ளோதான் வேலை. "3 கட்டு, 4 தனி, முப்பத்தி நாலு." தமிழ்ல நமக்கு ஒரு வசதி இருக்கு, எண்ணோட பேர்லயே பத்து உக்காந்திருக்கு. இருபது, முப்பது, நாற்பது, ஐம்பதுன்னு கட்டை தொட்டு சொல்லும்போதே ரெண்டு பத்து, மூணு பத்து, நாலு பத்துன்னு காதுல விழும். இதை அழுத்தி சொல்ல வைங்க. தொண்ணூறு மட்டும் ஏமாத்தும், ஒன்பது பத்துக்கு பேர்ல நூறு ஒலிக்குது, அங்க கொஞ்சம் நின்னு போங்க. பதினொன்னு, பன்னெண்டும் கூட சில பிள்ளைங்களுக்கு ஒரே சொல்லாத்தான் கேக்கும், ஒரு கட்டும் ஒரு தனியும்னு நாலஞ்சு தடவை பாத்தாதான் அதுல இருக்குற பத்து தெரியும்.

விரிப்புக்கு ரெண்டே விதி. வலது பக்கம் 9க்கு மேல தனிக்குச்சி நிக்கக் கூடாது. இடது பக்கம் இருக்குற ஒவ்வொரு கட்டுலயும் சரியா பத்து இருக்கணும்.

மூணாவது நாள் பகடை விளையாட்டு. ஜோடில மாத்தி மாத்தி பகடை உருட்டணும், விழுந்த அளவுக்கு பையில இருந்து குச்சி எடுத்து ஒன்னு பக்கம் வைக்கணும், பத்து சேர்ந்தா கட்டு போட்டு இடது பக்கம் தள்ளணும். ரெண்டு பேரும் ஒரே விரிப்புல சேர்ந்துதான் விளையாடணும், போட்டி வேண்டாம், ரெண்டு பேரா சேர்ந்து 50ஐ தொடணும். பகடைல சராசரியா மூணரை விழும்னு வச்சா ஒரு ஆட்டத்துக்கு 14, 15 தடவை உருட்ட வேண்டி வரும், பத்து நிமிஷத்துல முடியும், ஒரு பீரியட்ல ரெண்டு ஆட்டம் வரைக்கும் போகலாம். ஒவ்வொரு உருட்டலுக்கும் "இப்ப எவ்ளோ இருக்கு"ன்னு உருட்டாத பிள்ளை சொல்லணும், இல்லன்னா அது வேடிக்கை பாத்துக்கிட்டே இருக்கும்.

நாலாவது நாள்: பத்து நாள்ல முக்கியமான நாள் இதுதான்

இன்னைக்கு ஆட்டம் தலைகீழ். விரிப்புல 5 கட்டு வச்சு ஆரம்பிக்கணும், ஒன்னு பக்கம் காலி. பகடை உருட்டு, விழுந்ததை எடுத்து பையில போடு, 0க்கு வரணும். வேற ஒன்னும் சொல்லாதீங்க. கட்டை எப்படி பிரிக்கணும்னு சொல்லவே சொல்லாதீங்க.

முதல் உருட்டல்ல 4 விழுதுன்னு வைங்க. எடுக்க தனிக்குச்சியே இல்ல. இப்ப அறையில ஒரு அமைதி வரும் பாருங்க, அதை கெடுக்காம சுத்தி வாங்க. ஒரு ஜோடி "டீச்சர் எடுக்க முடியாது"ன்னு கை தூக்கும், வேற வழி இருக்கான்னு பாருன்னு மட்டும் சொல்லிட்டு நகர்ந்துடுங்க. ஒரு பொண்ணு ரப்பர் பேண்டை கழட்டுவா, பக்கத்துல இருக்குறவன் "கழட்டலாமா?"ன்னு உங்களை பாப்பான். அந்த நொடிலதான் கழித்தல் அவங்களுக்கு சொந்தமாகுது. போர்டுல நீங்க நூறு தடவை போட்டாலும் கிடைக்காதது அது.

ஒரு பையன் கட்டை பிரிக்காமயே அதுல இருந்து நாலு குச்சியை உருவிட்டான். மீதி ஆறு குச்சி ரப்பர் பேண்டோட லூசா பத்து பக்கமே கிடந்துச்சு. நான் இப்ப எவ்ளோ இருக்குன்னு கேட்டேன், இடது பக்கம் 5 கட்டு இருக்குறதால 50ன்னான். அவன் ஜோடி பொண்ணு அந்த லூசான கட்டை எடுத்து எண்ணிப் பாத்தா, "இது கட்டே இல்லடா, ஆறு தான் இருக்கு"ன்னு பிரிச்சு வலது பக்கம் போட்டா. ரெண்டாவது விதி எதுக்குன்னு அன்னைக்கு அந்த மேஜைல இருந்தவங்களுக்கு நான் விளக்க வேண்டி வரல.

ஆட்டம் முடிஞ்சதும் எல்லாரையும் கூப்பிட்டு ஒரே கேள்வி கேளுங்க: எப்பெல்லாம் கட்டை பிரிச்சீங்க, எப்பெல்லாம் பிரிக்கல? கேட்டுட்டு காத்திருங்க. 1970கள்ல மேரி பட் ரோங்குற அமெரிக்க ஆராய்ச்சியாளர் வகுப்புல டீச்சருங்க கேள்வி கேட்டுட்டு எவ்ளோ நேரம் காத்திருக்காங்கன்னு அளந்தப்போ சராசரி ஒரு நொடிதான் வந்துச்சு. அதை மூணு நொடிக்கு மேல நீட்டுனா பிள்ளைங்க பதில் நீளமாகுது, வழக்கமா பேசாத பிள்ளையும் பேசுது. மூணு நொடி கேக்க சின்னதா இருக்கும், 30 பிள்ளைங்க முன்னாடி நிக்கும்போது ரொம்ப பெருசு, நான் கையை பின்னாடி கட்டிக்கிட்டு விரலை மடிச்சு அஞ்சு வரைக்கும் எண்ணுவேன். அப்புறம் ஒரு நிமிஷம் ஜோடிக்குள்ள பேசச் சொல்லிட்டு, அதுக்கப்புறம் சபைல கேளுங்க. தனியா யோசி, ஜோடியா பேசு, எல்லாருக்கும் சொல்லுங்குற இந்த முறையை 1981ல ஃபிராங்க் லைமன் எழுதி வச்சார், செலவில்லாத முறைகள்ல இதுக்கு ஈடா நான் வேற ஒன்னும் பாக்கல.

இன்னொரு விஷயம். "கடன் வாங்கு"ங்குற சொல்லை நான் கிளாஸ்ல விட்டுட்டேன். ஒரு பையன் "கடன் வாங்குனா எப்ப டீச்சர் திருப்பி கொடுக்கணும்?"னு கேட்டான், அவன் கேட்டது நியாயம், அங்க யாரும் யார்கிட்டயும் வாங்கல, இருக்குற கட்டை பிரிக்குறோம் அவ்ளோதான். "கட்டை பிரி"ன்னு சொன்னா கையில பண்ணதும் வாயில சொல்றதும் ஒன்னா இருக்கும். வீட்ல அப்பா அம்மா கடன்னுதான் சொல்லிக் கொடுப்பாங்க, அதனால இந்த பத்து நாளைக்கு கழித்தல்ல வீட்டுப்பாடம் தராதீங்க, ரெண்டு சொல்லும் ஒரே வேலைதான்னு அவங்களுக்கும் ஒரு வரி எழுதி அனுப்பிடுங்க.

அஞ்சாவது நாள்: கதைக் கணக்கு

இதுல சுருக்கமா போயிடலாம், ஆனா விட்டுடக் கூடாது. கழித்தல்னா "எடுத்தா மீதி எவ்ளோ"ன்னு மட்டும்தான் பிள்ளைங்களுக்கு பதிஞ்சிருக்கும். "ஒருத்திகிட்ட 42 பொத்தான், இன்னொருத்தன்கிட்ட 27 பொத்தான், யார்கிட்ட எவ்ளோ அதிகம்"னு கேட்டா "அதிகம்"ங்குற சொல்லை பாத்துட்டு பாதிப்பேர் கூட்டிடுவாங்க. அதனால ஒரு எடுக்குற கதை, ஒரு ஒப்பிடுற கதைன்னு கலந்து கொடுங்க, ஒப்பிடுறதுக்கு ரெண்டு வரிசையா குச்சியை அடுக்கி ஒன்னுக்கொன்னு ஜோடி சேர்த்து காட்டுங்க, மிஞ்சி நிக்குற 15 கண்ணுக்கு தெரியும். மதியம் இருந்தா பிள்ளைங்களையே கதை சொல்ல விடுங்க, அவங்க கதை நம்ம கதையை விட நல்லா இருக்கும்.

ஆறாவது ஏழாவது நாள்: படம்

ஜெரோம் புரூனர்ங்குற உளவியலாளர் 1966ல எழுதுனது, ஒரு விஷயம் மனசுல மூணு விதமா தங்கும், செயலா, படமா, குறியீடா. நாம பெரும்பாலும் செயல்ல இருந்து குறியீட்டுக்கு தாவிடுறோம், நடுவுல இருக்குற படத்தை விட்டுடுறோம், குச்சில சரியா பண்ற பிள்ளை நோட்டுல தப்பா போடுறதுக்கு பாதி காரணம் இதுதான்.

ஒரு கட்டுக்கு ஒரு நீளக் கோடு, ஒரு தனிக்குச்சிக்கு ஒரு புள்ளி. 52ன்னா அஞ்சு கோடு ரெண்டு புள்ளி. 38ஐ எடுக்கணும். எட்டு புள்ளி இல்ல, அதனால ஒரு கோட்டை அடிச்சுட்டு வலது பக்கம் பத்து புள்ளி வைக்கணும். இந்த பத்து புள்ளியை அஞ்சு அஞ்சா ரெண்டு வரிசைல வைக்கச் சொல்லுங்க, ப்ளீஸ் இதை மட்டும் கட்டாயமா பண்ணுங்க, இஷ்டத்துக்கு தூவி வச்சா ஒன்பதா பதினொன்னான்னு பிள்ளைக்கும் தெரியாது உங்களுக்கும் தெரியாது. அப்புறம் எட்டு புள்ளியை அடி, மூணு கோட்டை அடி, மிஞ்சுனது ஒரு கோடு நாலு புள்ளி, 14.

முதல் நாள் குச்சியும் படமும் சேர்ந்து, ரெண்டாவது நாள் படம் மட்டும். குச்சிப்பை மேஜை மேலயே இருக்கட்டும், தேவைப்படுற பிள்ளை எடுத்துக்கட்டும், யாரையும் "இன்னுமா குச்சி?"ன்னு கேக்காதீங்க.

எட்டு ஒன்பது: நோட்டு

இப்ப ஜோடில ஒருத்தர் கை, ஒருத்தர் பேனா. கை ஒரு தடவை அசைஞ்சா பேனா ஒரு தடவை எழுதணும், கை அசையாம பேனா எழுதவே கூடாது. ஒரு கட்டை பிரிச்சாச்சா, 5ஐ அடிச்சு மேல 4. பத்து குச்சியும் ஒன்னு பக்கம் வந்தாச்சா, 2ஐ அடிச்சு மேல 12. எட்டு எடுத்தாச்சா, கீழ 4. மூணு கட்டு எடுத்தாச்சா, கீழ 1. ஒரு கணக்கு முடிஞ்சதும் ஆள் மாறணும். கடைசியா 14ம் 38ம் சேர்த்து 52 வருதான்னு கூட்டிப் பாக்கணும், இதை பழக்கமாவே ஆக்கிடுங்க.

கணக்கு கொடுக்கும்போது பிரிக்க வேண்டியதை மட்டும் வரிசையா கொடுக்காதீங்க. 52 − 38, 47 − 25, 40 − 17, 58 − 36, 51 − 29ன்னு கலந்து கொடுங்க. எல்லாமே பிரிக்குற கணக்கா கொடுத்தா பிள்ளை யோசிக்காம எல்லாத்துலயும் மேல இருக்குறதை அடிச்சுடும், 47ல 25ஐ கழிக்கவும் கட்டை பிரிக்கும். முதல்ல எல்லா கணக்கையும் படிச்சு, பிரிக்க வேண்டியதுக்கு மட்டும் பக்கத்துல ஒரு சின்ன கட்டு படம் போடு, அதுக்கப்புறம் கணக்கு போடுன்னு சொன்னா இன்னும் நல்லது.

40 − 17 மாதிரி பூஜ்யம் வர்றது தனி சிக்கல். 37னு எழுதியிருந்தா 7ல 0 போனா 7, 4ல 1 போனா 3ன்னு தலைகீழா எடுத்திருக்கு. 30னு எழுதியிருந்தா 0ல இருந்து எடுக்க ஒன்னுமில்லன்னு 0வே போட்டிருக்கு. 33ன்னா கட்டை பிரிச்சிருக்கு ஆனா 4ஐ குறைக்காம விட்டிருக்கு. மூணும் மூணு வேற நோய், ஒரே மருந்து கொடுத்தா தீராது.

52 − 38லயும் அப்படித்தான். 26 வந்தா கீழ இருந்து மேலதை எடுத்திருக்கு, அந்த பிள்ளையை நாலாவது நாள் ஆட்டத்துக்கு திரும்ப கூட்டிட்டு போங்க. 24 வந்தா கட்டை பிரிச்சுட்டு 5ஐ 5ஆவே விட்டிருக்கு, இதுக்கு கை-பேனா ஆட்டம் போதும். 15 வந்தா 12ல இருந்து பின்னாடி எண்ணும்போது "12, 11, 10..."ன்னு 12ஐயும் ஒன்னா எண்ணியிருக்கு, இடமதிப்பெல்லாம் அதுக்கு நல்லாவே தெரியும், பின்னோக்கி எண்ணத்தான் பழகணும். 90 வந்தா கூட்டியிருக்கு, குறியை பாக்கல, அவ்ளோதான். தப்புன்னு சிவப்பு மையில அடிக்கறதுக்கு முன்னாடி "எப்படி போட்ட, சொல்லேன்"னு ஒரு வார்த்தை கேளுங்க. சரியா போட்ட பிள்ளைகிட்டயும் அதே குரல்ல கேளுங்க, இல்லன்னா கேட்டாலே தப்புன்னு பிள்ளைங்க புரிஞ்சுக்கும்.

ஒரு பிள்ளை கட்டையே பிரிக்காம "38க்கு 2 சேத்தா 40, இன்னும் 12 சேத்தா 52, அப்ப 14"ன்னு சொல்லும். அதை போர்டுக்கு கூப்பிட்டு எல்லாருக்கும் சொல்ல வைங்க. அது குறுக்கு வழி இல்ல, எண்ணை நல்லா புரிஞ்சுக்கிட்ட பிள்ளை பண்றது.

சீக்கிரம் முடிக்குறவங்களுக்கு இன்னும் பத்து கணக்கு கொடுக்காதீங்க, அது தண்டனை மாதிரி ஆயிடும். விடை 14 வரணும், கட்டை பிரிச்சே ஆகணும், அப்படி எத்தனை கணக்கு உன்னால உருவாக்க முடியும்னு கேளுங்க. தடுமாறுற பிள்ளைங்களுக்கு எண்ணை சின்னதாக்குங்க, 23 − 8, 21 − 5ன்னு, குச்சியை மட்டும் பிடுங்காதீங்க.

பத்தாவது நாளும் அதுக்கப்புறமும்

கால் பேப்பர்ல மூணு கேள்வி: 43 − 18, 56 − 24, 30 − 12, அதுல ஒன்னுக்கு மட்டும் படமும் போடணும். மார்க் போடாதீங்க. பேப்பரை மூணு குவியலா பிரிங்க, படமும் எண்ணும் சரி, படம் சரி எண் தப்பு, படமே தப்பு. முதல் குவியல் மேல போகலாம், ரெண்டாவது குவியலுக்கு கை-பேனா இன்னும் ரெண்டு நாள், மூணாவது குவியலை உங்க பக்கத்துல உக்கார வச்சுக்கிட்டு பகடை ஆட்டம். முதல் நாள் லிஸ்ட்ல "2 குச்சி"ன்னு எழுதுன பேரெல்லாம் எந்த குவியல்ல இருக்குன்னு அவசியம் பாருங்க, 24ல இருக்குற 2ஐ திரும்ப ஒரு தடவை கேளுங்க.

பாடம் முடிஞ்சுடுச்சுன்னு மூடி வைக்காதீங்க. ஞாபக சக்தியை ஆராய்ந்த எபிங்ஹவுஸ்ங்குற உளவியலாளர் 1885லயே தன்னையே வச்சு சோதிச்சு, கத்ததுல பெரும்பகுதி முதல் ஒன்னு ரெண்டு நாள்லயே மறந்து போகுதுன்னு எழுதிட்டார். அர்த்தமில்லாத அசைகளை வச்சு பண்ண சோதனை அது, நம்ம பிள்ளைங்க கையால பண்ணது அவ்ளோ வேகமா போகாது, ஆனாலும் இடைவெளி விட்டு திரும்ப கேட்டாத்தான் தங்கும். மூணு நாள் கழிச்சு, ஒரு வாரம் கழிச்சு, ஒரு மாசம் கழிச்சு, காலைல வந்ததும் ரெண்டே கணக்கு, அஞ்சு நிமிஷம். இதுல ஒன்னு பிரிக்குறதா இருக்கணும், ஒன்னு பிரிக்காததா இருக்கணும். பைகளை அலமாரில பூட்டாம பிள்ளைங்க கைக்கு எட்டுற தட்டுல வைங்க, ஒவ்வொரு பைலயும் 6 கட்டு இருக்கான்னு வாரத்துக்கு ஒரு தடவை எண்ணி வைக்குற வேலையை, மூணாவது குவியல்ல இருந்த பிள்ளைங்ககிட்ட கொடுங்க.